குறும்பல்ல, கெட்ட பழக்கமுமல்ல: சிறுவரிடம் தோன்றும் ‘டிக்’ அசைவுகள்

ஐந்து அல்லது ஆறு வயதுப் பிள்ளைகள் சிலர் திடீரென அடிக்கடி கண்களைச் சிமிட்டத் தொடங்குகின்றனர். சில வாரங்களில் அது குறைந்து, மூக்கைச் சுளிப்பதும் தோளைக் குலுக்குவதும் ஆரம்பமாகின்றன. தடிமன், இருமல் எதுவுமின்றியே தொண்டையைச் செருமுவதும் மூக்கை உறிஞ்சுவதும் பின்னர் சேர்ந்துகொள்கின்றன. இதனைக் கெட்ட பழக்கம் என்று பெற்றோர் கண்டிக்கின்றனர். கண்ணூறு பட்டுவிட்டதாக வீட்டிலுள்ள முதியோர் கூறுகின்றனர். வகுப்பைக் குழப்பும் குறும்பு என ஆசிரியர் எண்ணுகின்றார். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இம்மூன்று முடிவுகளுமே தவறானவையாகும்.

மருத்துவ உலகம் இவற்றை ‘டிக்’ என அழைக்கின்றது. திடீரென, விரைவாக, ஒழுங்கான தாளமின்றி மீண்டும் மீண்டும் நிகழும் அசைவு அல்லது ஒலியே டிக் ஆகும். கண் சிமிட்டல், முகச் சுளிப்பு, தலையை வெட்டி அசைத்தல் என்பன அசைவு வகையைச் சார்ந்தவை. செருமல், உறிஞ்சல், சிறு கூச்சல் என்பன ஒலி வகையைச் சார்ந்தவை. பாடசாலை செல்லும் வயதுச் சிறுவரில் ஐவரில் ஒருவர் வரையில் ஏதேனுமொரு காலத்தில் இவற்றுக்கு உள்ளாகலாம் எனக் கணிக்கப்படுகின்றது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன. பெரும்பாலானோரிடம் ஓராண்டுக்குள் தாமாகவே மறைந்துவிடுகின்றன.

பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஓர் ஒலி டிக்கும் ஓராண்டுக்கு மேல் நீடிக்குமாயின் அது ‘டூரெட்’ நிலை எனப்படும். 1885 ஆம் ஆண்டில் ஒன்பது நோயாளரைப் பற்றி விபரித்தெழுதிய பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜோர்ஜ் ஜில் டி லா டூரெட்டின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. சிறுவரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரே இந்நிலைக்கு உள்ளாகின்றனர். தகாத சொற்களைத் தம்மையறியாமல் கூறுவதே இதன் அடையாளமெனத் திரைப்படங்கள் பரப்பிய எண்ணம் பிழையானது. அவ்வாறு கூறுவோர் டூரெட் நிலையுள்ளோரிலும் சிறுபான்மையினரேயாவர்.

இது எவ்வாறு ஏற்படுகின்றது? மூளையின் மேற்பட்டைக்கும் அதன் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளுக்கும் இடையே ஓடும் இணைப்புகள், வேண்டிய அசைவை அனுமதித்து வேண்டாததைத் தடுத்து நிறுத்துகின்றன. இத்தடுப்பு தளரும்போது தேவையற்ற அசைவுகள் வெளிப்படுகின்றன. டோபமின் என்னும் இரசாயனப் பொருளுக்கும் இதில் பங்குண்டு. பரம்பரை இயல்பு முக்கிய காரணமாக அமைகின்றது. தந்தையோ மாமனோ சிறுவயதில் இவ்வாறு கண் சிமிட்டியவராக இருந்தமை விசாரிக்கும்போது தெரியவருவதுண்டு. பிள்ளை வளர்ப்பின் குறைபாட்டினால் இது ஏற்படுவதில்லை. எனவே, தாயைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

‘நிறுத்து என்றால் சற்று நேரம் நிறுத்துகின்றானே, அப்படியானால் வேண்டுமென்றுதானே செய்கின்றான்?’ என்று பலர் கேட்பதுண்டு. தும்மல் வரும்போது ஏற்படும் குறுகுறுப்பைப் போன்றதோர் உந்துதல் டிக் வருமுன் எழுகின்றது. சற்று வளர்ந்த பிள்ளைகள் அதனை விபரித்துக் கூறுவர். சிறு பிள்ளைகளால் அதைச் சொல்ல முடிவதில்லை. தும்மலைச் சில கணங்கள் அடக்குவதுபோல் டிக்கையும் சிறிது நேரம் அடக்கலாம். ஆனால், அதற்குப் பிள்ளை தன் முழுக் கவனத்தையும் செலவிட வேண்டியுள்ளது. பாடசாலையில் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருந்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அதிகமாகச் செய்வதற்குக் காரணம் இதுவே. தாய்க்கு முன்னால் வீம்பு காட்டுவதாக இதனைக் கருதலாகாது.

டிக் கூடுவதும் குறைவதும் ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றுவதும் இதன் இயல்பாகும். களைப்பு, நித்திரைக் குறைவு, பயம், பதற்றம் மட்டுமன்றி, பெருநாளோ பிறந்த நாளோ தரும் அளவுகடந்த மகிழ்ச்சியும் இதனைக் கூட்டும். விளையாட்டிலோ சித்திரம் வரைவதிலோ பிள்ளை ஆழ்ந்திருக்கும்போது இது குறைவதுண்டு.

பெற்றோர் செய்யவேண்டிய முதற் காரியம், டிக்கைக் கவனியாதது போலிருப்பதாகும். ‘கண்ணைச் சிமிட்டாதே’ என ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவது பிள்ளையின் கவனத்தை அதன்பாலேயே திருப்பி, பதற்றத்தைக் கூட்டி, டிக்கையும் கூட்டிவிடுகின்றது. திட்டுவதும் அடிப்பதும் மட்டுமன்றி, செய்யாதிருந்தால் பரிசு தருவதாக ஆசை காட்டுவதும், டிக் வந்தவுடன் அணைத்துத் தேற்றுவதும்கூட அதன்மீதே கவனத்தைக் குவிப்பனவாகும். ஆனால், கவனியாதிருக்க வேண்டியது டிக்கைத்தான், பிள்ளையையல்ல. பிள்ளை தானே கேட்குமாயின், ‘உன் உடம்பு சில வேளை அப்படிச் செய்கின்றது, அது உன் பிழையல்ல’ என எளிய சொற்களில் விளக்கிக் கூறலாம். சகோதரர்களுக்கும் பாட்டன், பாட்டிமாருக்கும் இதனை எடுத்துரைத்து, கேலியும் ஓயாத அறிவுரையும் இல்லாத வீடாக வைத்திருத்தல் வேண்டும். நேரத்துக்கு நித்திரை, ஓடியாடி விளையாடுவதற்கான நேரம் ஆகிய இரண்டையும் உறுதிசெய்தல் அவசியமாகும்.

டிக் பொதுவாக 10 முதல் 12 வயதுக்கிடையில் உச்சத்தை அடைந்து, பின்னர் பதின்ம வயதில் தணிகின்றது. எமது நாட்டில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகள் அதிகாலை தொடக்கம் இரவுவரை வகுப்புகளுக்கு அலைக்கழிக்கப்படும் காலமும் இதனையொட்டியே வருகின்றது. உடலின் இயல்பால் டிக் கூடும் பருவத்தில் நித்திரைக் குறைவையும் பரீட்சைப் பயத்தையும் நாமே சேர்த்துவிடுகின்றோம். டிக் உள்ள பிள்ளையைப் பொறுத்தவரை மேலதிக வகுப்புகளைக் குறைப்பதும் ஒரு சிகிச்சையே.

ஆசிரியரின் பங்கு இங்கு பெரிது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென 2005 ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டிருந்தது. ஒரு பிள்ளை தன்னால் தடுக்க முடியாததொன்றுக்காக வகுப்பின் முன் நிறுத்தப்படுவது பிரம்படியைவிடக் கொடியது. பெற்றோர் தவணையின் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரைச் சந்தித்து விளக்கவேண்டும். குர்ஆன் மத்ரஸாவிலும் அறநெறிப் பாடசாலையிலும் கற்பிப்போருக்கும் இது தெரிந்திருத்தல் நன்று. பிள்ளையைப் பின்வரிசையிலோ ஓரத்திலோ அமரச் செய்து, தேவைப்படும்போது சற்று வெளியே சென்றுவர அனுமதிப்பதும் சக மாணவரின் கேலியைத் தடுப்பதுமே பெருமளவு போதுமானவையாகும்.

வைத்தியரை நாடவேண்டிய வேளைகளும் உண்டு. கண் சிமிட்டல் தொடங்கினால் முதலில் பார்வையைப் பரிசோதித்துக்கொள்வது நன்று. அசைவின்போது சுயநினைவு மங்குதல், கீழே விழுதல், நித்திரையிலும் வெட்டி இழுத்தல் ஆகியன வலிப்பு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து சென்ற பின்னர் கைகால்கள் நிலைகொள்ளாது நெளியுமாயின், அது இதயத்தையும் தாக்கவல்ல வாதக் காய்ச்சலின் விளைவாக இருக்கக்கூடும். இவற்றில் தாமதம் கூடாது. டிக்கினால் நோவு ஏற்பட்டாலோ, படிப்பும் நட்பும் குலைந்தாலோ வைத்திய ஆலோசனை அவசியமாகும். அரச வைத்தியசாலைகளின் சிறுவர் சிகிச்சைப் பிரிவுகளில் இதனை இலவசமாகப் பெறலாம். வைத்தியர் முன்னிலையில் பிள்ளை டிக் செய்யாதிருப்பது வழமையாதலால், கைத்தொலைபேசியில் சிறு காட்சியொன்றைப் பதிவுசெய்து கொண்டுசெல்வது பயன் தரும். அளவுக்கு மீறிய துடுதுடுப்பு, கவனக் குறைவு, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணச் சுழற்சி ஆகியனவும் சிலரிடம் சேர்ந்து காணப்படும். டிக்கைவிட இவையே பிள்ளையை அதிகம் வருத்துவதுண்டு என்பதால் அவற்றையும் வைத்தியரிடம் கூறவேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. உந்துதல் எழும்போது டிக்குக்கு எதிரான வேறோர் அசைவைச் செய்யப் பழக்கும் நடத்தைப் பயிற்சி நற்பலன் தருகின்றது. 9 முதல் 17 வயது வரையான 126 பேரிடம் மேற்கொள்ளப்பட்டு 2010 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இப்பயிற்சி பெற்றோரில் அரைவாசிப் பேரளவில் முன்னேற்றம் கண்டனர். மிகச் சிறிய பிள்ளைகளிடத்தில் பெற்றோரின் அணுகுமுறை மாற்றமே முதன்மையானது. கடுமையான நிலையில் வழங்கப்படும் மருந்துகள் சில, தூக்கத்தையோ உடற்பருமனையோ கூட்டக்கூடியவை. அவற்றை வைத்தியரின் ஆலோசனையின்றித் தொடங்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது.

நேர்த்தி வைப்பதும் துஆ ஓதுவதும் பெற்றோரின் மனதுக்கு ஆறுதல் தருமாயின் அதனை யாரும் குறைகூறப் போவதில்லை. ஆனால் பேய், ஜின் பிடித்ததெனக் கூறிப் பிள்ளையை அடிப்பதும் புகையிடுவதும் பட்டினி போடுவதும் எந்த மார்க்கத்தின் பெயராலும் ஏற்கத்தக்கவையல்ல. அவை அப்பிள்ளைக்கு இழைக்கப்படும் கொடுமையேயாகும்.

காலப்போக்கில் டிக் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் அக்காலத்தில் பிள்ளை கேட்ட ஏச்சும் பட்ட அவமானமும் அவ்வளவு எளிதில் தணிவதில்லை. அசைவைத் தடுக்க எம்மால் இயலாதிருக்கலாம். அவமானத்தைத் தடுப்பது முற்றிலும் எமது கைகளிலேயே உள்ளது.