கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெண்

தில்லியின் புதிய காக்டெயில் பார்களில் பெண்கள் மது கலக்குகிறார்கள். 2007 வரை சட்டம் இதை அனுமதிக்கவில்லை. சட்டம் மாறிவிட்டது. வீடு?

வேலை ஐஸ் கட்டியிலிருந்து தொடங்குகிறது. செங்கல் அளவுக்குக் கண்ணாடி போன்ற ஒரு கட்டி. அதைப் பல் வைத்த நீளக் கத்தியால் துண்டு போட்டு, ஓரங்களைச் செதுக்கி, கிளாஸுக்குள் கச்சிதமாக உட்காரும்படி செய்கிறார் அந்தப் பெண். மத்திய தில்லியில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் புதிதாகத் திறந்திருக்கும் காக்டெயில் பார் இது. நாற்பது பேருக்கு மேல் உட்கார இடமில்லை. காதைக் கிழிக்கும் இசை இல்லை; நடனமாட மேடையும் இல்லை. வருகிறவர்களின் கண்கள் எல்லாம் கவுன்டர் மேல்தான்.

அவருக்கு வயது 27. தன் பெயரும் ஓட்டலின் பெயரும் வேண்டாம் என்ற நிபந்தனையோடுதான் பேசுகிறார். உத்தராகண்டில் இருக்கும் பெற்றோருக்கு மகள் பெரிய ஓட்டலில் வேலை பார்ப்பது தெரியும். எந்தப் பிரிவில் என்பது தெரியாது. ரிசப்ஷனில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் ஓட்டல் பார் என்றால் வெளிநாட்டு விஸ்கி, சோடா, ஒரு தட்டு முந்திரி. 30 மில்லி சின்ன பெக், 60 மில்லி பெரிய பெக். அளந்து ஊற்றத் தெரிந்தால் போதும். இப்போது கவுன்டருக்குப் பின்னால் நடப்பது கிட்டத்தட்டச் சமையல். மாலை கடை திறக்கும் முன்பே மணிக்கணக்கில் ஆயத்த வேலை இருக்கிறது. கோகம் ஊறவைக்க வேண்டும். இஞ்சி, கறிவேப்பிலை, புளி இவற்றில் பாகு காய்ச்ச வேண்டும். எலுமிச்சையை அன்றன்று பிழிய வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருக்கிறார். சாதாரண ஃப்ரீசரில் தண்ணீர் எல்லாப் பக்கமும் உறைவதால் காற்று நடுவில் சிக்கிக் கட்டி வெள்ளையாகிவிடும். ஒரே பக்கத்திலிருந்து மெல்ல உறையவிட்டால் காற்று வெளியேறித் தெளிவான கட்டி கிடைக்கும். பெரிய கட்டி மெதுவாகக் கரைவதால் மது சீக்கிரம் நீர்த்துப்போகாது. பழச்சாறு சேர்ந்தால் குலுக்க வேண்டும். வெறும் மது வகைகள் என்றால் கரண்டியால் கலக்கினால் போதும். இன்னொரு வித்தை, ரசகுல்லாவுக்குச் செய்வது போலப் பாலைத் திரிப்பது. எலுமிச்சைச் சாறு கலந்த மதுவைப் பாலில் ஊற்றினால் பால் திரியும். திரிந்ததை வடிகட்டினால் தண்ணீர் போலத் தெளிந்த பானம் இறங்கும். மதுவின் கரகரப்பு திரிந்த பாலோடு போய்விடுகிறது. இப்படி ஒரு கிளாஸ், வரி சேர்க்காமல் ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

அலமாரியிலும் மாற்றம். 2017-ல் கோவாவில் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்த ‘கிரேட்டர் தான்’ ஜின், அதே நிறுவனம் இமயமலை ஜூனிப்பர் காய்களைப் போட்டு வடிக்கும் ‘ஹபூசா’ போன்ற உள்நாட்டுச் சரக்குகள் வெளிநாட்டுப் பாட்டில்களுக்குச் சமமாக முன் வரிசையில் நிற்கின்றன. ஆனால் பெரிய மாற்றம் அலமாரிக்கு முன்னால் நிற்பவர்தான்.

தில்லியில் நெடுங்காலம் அமலில் இருந்தது 1914-ம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டம். பொதுமக்கள் மது அருந்தும் இடத்தில் 25 வயது நிரம்பாத ஆணையோ, எந்த வயதுப் பெண்ணையோ வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அதன் 30-வது பிரிவு. ஓட்டல் நிர்வாகம் படிக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் மது வகைகள் ஒரே பாடம்தான். ஆனால் தேறிய பிறகு தில்லி பாரில் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை. (இந்தச் சட்டம் செல்லாத மும்பையில் ஷத்பி பாசு 1980-களின் தொடக்கத்திலேயே பார்டெண்டராகிவிட்டார்.)

ஓட்டல் சங்கம் வழக்குப் போட்டது. 2006 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் பெண்களுக்கு எதிரான தடையை ரத்து செய்தது. தில்லி அரசு தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டுக்குப் போனவர்கள் தில்லிக் குடிமக்கள் சிலர்! பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் தடை என்பது வாதம். 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை, அதைக் காரணம் காட்டிப் பெண்ணின் வேலையைப் பறிக்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1999 ஏப்ரலில் தெற்கு தில்லியில் ஒரு விருந்தில் மது பரிமாறிக்கொண்டிருந்த மாடல் ஜெசிகா லால், நேரம் கடந்த பிறகு மது தர மறுத்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். உயர் நீதிமன்றம் கலால் சட்டத் தடையை நீக்கியதற்கு அடுத்த மாதமே, இந்தக் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்ட எல்லோரையும் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மனு சர்மாவுக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்த பாரில் விதி எளிமையானது. போதை மிஞ்சியவருக்கு இனி இல்லை என்று சொல்லும் அதிகாரம் கவுன்டரில் நிற்பவருக்கு உண்டு. வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய புள்ளியானாலும் மேனேஜர் பார்டெண்டர் பக்கம்தான் நிற்க வேண்டும். வேலை முடிய நள்ளிரவு தாண்டிவிடும். வீடு வரை ஓட்டல் கார் கொண்டுபோய் விடுகிறது. கார் இல்லாத இடத்தில் வேலைக்குச் சேர மாட்டேன் என்கிறார் அவர். சம்பளத்தைவிட அதைத்தான் முதலில் கேட்டாராம். சின்ன பார்களில் வேலை செய்யும் தோழிகளுக்கு அந்த வசதி கிடையாது. இரவு ஒரு மணிக்கு வாடகைக் காரில் ஏறி, வண்டி எண்ணை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள்.

வாடிக்கையாளர்களில் சிலர் இன்னும், பக்கத்தில் நிற்கும் ஆண் உதவியாளரிடம்தான் எது நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவரைக் கைகாட்டிவிட்டு ஐஸ் எடுக்கப் போய்விடுகிறான்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் ஓட்டலில் சமைக்கிறேன் என்று சொல்லக்கூடப் படித்த குடும்பத்துப் பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். இன்று ‘ஷெஃப்’ என்றால் கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்கிறார்கள். பார்டெண்டர் பெண்ணுக்கு அந்த நாள் வரவில்லை. நீதிமன்றம் திறக்கக் கூடிய கதவைத் திறந்துவிட்டது. அடுத்த கதவை அம்மா, அப்பாவிடம் அவரேதான் தட்ட வேண்டும். இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது சொல்லிவிடப்போகிறாராம்.