காட்டுக்குப் போன வாலிபன்

உத்தியோகம், வீட்டு வாடகை, பந்துக்கள் வீட்டுக் கலியாணம் என்று ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும் நம்மில் யாருக்குத்தான், "எல்லாவற்றையும் போட்டுவிட்டு எங்கேயாவது காட்டுக்குப் போய்விடலாமா!" என்று ஒரு நாளாவது தோன்றியிராது? தோன்றும், காப்பி வந்ததும் மறைந்துவிடும். அமெரிக்காவில் ஒரு வாலிபனுக்கு மட்டும் அது மறையவில்லை.

அவன் பெயர் கிறிஸ்டோபர் மக்காண்ட்லெஸ். வசதியான குடும்பத்துப் பிள்ளை. 1990-ம் வருஷம் அட்லாண்டா நகரத்து எமரி சர்வகலாசாலையில் பட்டம் பெற்றான். சேமிப்பில் இருந்த சுமார் 24,000 டாலரையும் ஆக்ஸ்பாம் என்ற பஞ்ச நிவாரண ஸ்தாபனத்துக்குத் தானமாக அனுப்பிவிட்டு, வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமல் தன் பழைய மோட்டாரில் கிளம்பினான். அரிஸோனா பாலைவனத்தில் திடீர் வெள்ளம் வந்து வண்டி நின்றுபோயிற்று. வண்டியை அங்கேயே விட்டான், கையிலிருந்த நோட்டுகளைக் கொளுத்தினான், பெயரையும் மாற்றிக்கொண்டான். பிறகு இரண்டு வருஷ காலம் கால் போன திசையில் தேச சஞ்சாரம். வழியில் சந்தித்தவர்கள் அநேகமாக எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. உழைக்கவும் தயங்கியவனல்ல; தெற்கு டகோடாவில் ஒரு தானியக் கிடங்கில் கூலி வேலை செய்தான்.

1992 ஏப்ரல் 28-ந் தேதி அலாஸ்காவில் ஸ்டாம்பீட் பாதை என்னும் காட்டு வழியின் முகப்பில் அவன் இறங்கினான். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த மனிதருக்கு மனம் கேட்கவில்லை. பையன் கொண்டுவந்திருந்ததோ பத்துப் பவுண்டு அரிசி, ஒரு சிறு துப்பாக்கி, கொஞ்சம் புஸ்தகங்கள். "வேண்டிய சாமான் வாங்கித் தருகிறேன்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். பிள்ளையாண்டான் இணங்கவில்லை. கடைசியில் தம்முடைய ரப்பர் பூட்ஸையும் மத்தியானச் சாப்பாட்டையும் கொடுத்து அனுப்பினார்.

காட்டுக்குள்ளே ஒரு பழைய பஸ் கிடந்தது. பேர்பாங்க்ஸ் நகரத்தில் 142-ம் நம்பர் தரித்து ஓடியது அது. 1961-ல் பாதை போட்ட கூலிக்காரர்கள் தங்குவதற்காக இழுத்துக்கொண்டு வரப்பட்டு, அப்படியே விடப்பட்டது. அதுவே அவனுக்கு ஆசிரமமாயிற்று. அணில், பறவை, காட்டுக் கிழங்கு இவற்றைக் கொண்டு நாட்களைக் கடத்தினான். ஜூன் மாதம் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டு வீழ்த்தினான். அத்தனை மாமிசத்தையும் கெடாமல் பதப்படுத்தத் தெரியவில்லை; புழுத்துப் போயிற்று. அந்த மானைக் கொன்றதற்காகத் தன் குறிப்பில் மிகவும் வருந்தி எழுதியிருக்கிறான்.

இனிச் சொல்லப் போவதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் துயரமளிக்கும் பகுதி. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனுக்கு ஊர் திரும்ப மனம் வந்துவிட்டது! ஜூலை முதல் வாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டான். ஆனால் ஏப்ரலில் நடந்து கடந்த டெக்லானிகா நதி, பனி உருகியதால் இப்போது இரு கரையும் புரண்டு ஓடிற்று. மலைத்துப்போய்ப் பஸ்ஸுக்கே திரும்பினான். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், நீரளவு எடுப்பவர்கள் ஆற்றைக் கடப்பதற்காகக் கம்பியில் தொங்கவிட்ட கூடை ஒன்று இருந்தது. அந்தப் பிரதேசத்தின் விவரமான படம் இருந்திருந்தால் அதைத் தேடிப் போயிருக்கலாம். படம் அவனிடம் இல்லை. செப்டம்பர் 6-ந் தேதி வேட்டைக்காரர்கள் பஸ்ஸுக்குள் அவன் உடலைக் கண்டார்கள். அப்போது அதன் எடை 67 பவுண்டு. வயது இருபத்து நான்கு. வெறும் பட்டினியா, அவன் தின்ற விதைகளில் விஷமும் இருந்ததா என்று பண்டிதர்கள் இன்றும் தர்க்கம் செய்கிறார்கள்.

ஜான் கிராக்கவர் என்பவர் 1996-ல் இவன் சரித்திரத்தைப் புஸ்தகமாக எழுதினார். 2007-ல் சினிமாவும் வந்தது. உலகமும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சியார் அவனை மகான் என்கிறார்கள். அலாஸ்காவாசிகளில் பலரோ, காட்டை மதிக்கத் தெரியாத மூடன் என்கிறார்கள்.

மகான் கட்சியார் உடனே தோரோவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். தோரோ 1845-ல் வால்டன் குளக்கரைக்குக் குடியேறியது உண்மைதான். ஆனால் அந்த நிலம் அவருடைய நண்பர் எமர்ஸனுடையது. கான்கார்டு ஊர் ஒன்றரை மைல் தூரம். அடிக்கடி ஊருக்குள் வருவார். குடிசைக்கும் விருந்தினர் வருவார்கள். 1846-ல் செருப்புத் தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்குள் வந்தபோதுதான், வரி கொடாத குற்றத்துக்காக ஓர் இரவு சிறையில் அடைக்கப்பட்டார். காந்தியடிகள் 1907-ல் தம்முடைய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் எடுத்துச் சொன்ன கட்டுரை, அந்தச் சிறைவாசத்தின் பலனேயொழியக் குளக்கரை ஏகாந்தத்தின் பலன் அல்ல.

உண்மையில் ஒப்பிட வேண்டியவர் அதே அலாஸ்காவில் வாழ்ந்த ரிச்சர்டு புரொன்னெக். தச்சு வேலையும் இயந்திர வேலையும் நன்கு கற்றவர். இரட்டை ஏரிப் பிரதேசத்தில் 1967-லேயே மரம் வெட்டி உலரப் போட்டுவிட்டு, 1968-ல், தம் ஐம்பதுகளில், போய்க் கைக்கருவிகளாலேயே மரவீடு கட்டினார். சுமார் முப்பது வருஷ காலம் பெரும்பாலும் தனியாகவே அங்கு வாழ்ந்தார். நாற்பது டிகிரி உறைபனியைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் தினக் குறிப்பு எழுதினார். ஆயினும் அவருக்குத் தபாலும் தானியமும் கொண்டுவர ஒரு விமானி அவ்வப்போது வந்துபோனார். அதில் அவருக்குக் கௌரவக் குறைவு தோன்றவில்லை.

ஆகையால் காட்டுக்குப் போனதற்காக அந்த வாலிபனை நான் நிந்திக்க மாட்டேன். பணத்தைத் தானம் செய்துவிட்டுப் போகும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? நம் சந்நியாசிகூடப் பிட்சைக்கு ஊருக்குள் வரவேண்டியிருக்கிறது. இவன் அதுவும் வேண்டாமென்றான். ஆனால் தேசப் படம் என்பது என்ன? நமக்கு முன்னால் போனவர்கள், பின்னால் வருகிறவர்களுக்காகக் குறித்து வைத்த செய்திதானே? மனிதர்களின் பொய்யையும் ஆடம்பரத்தையும் உதறியதோடு நில்லாமல், அவர்களுடைய அறிவையும் சேர்த்து உதறியதைத்தான் அசட்டுத் துணிவு என்கிறேன். சந்தோஷம் பிறரோடு பகிர்ந்துகொண்டால்தான் மெய்யாகும் என்ற கருத்தை அவனே தான் படித்த ஒரு நாவலின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தான். அந்த ஞானம் வந்த பிறகு வெளியே வர வழியில்லை.

அவனுடைய முடிவை அவன் அநுபவித்தான் என்று விட்டுவிடலாமென்றால், அதுவும் முடியவில்லை. அந்தப் பஸ்ஸைத் தரிசிக்கத் தேசாந்தரங்களிலிருந்து யாத்திரை கிளம்பிற்று. 2010-லும் 2019-லும் இரண்டு இளம் பெண்கள் காட்டாற்று வெள்ளத்தில் மாண்டார்கள். 2009 முதல் 2017 வரையில் மாத்திரம் பதினைந்து தடவை மீட்புப் படை போக வேண்டியிருந்தது. மீட்கப் போகிறவனுக்கும் வீட்டில் தாயார் உண்டு அல்லவா?

கடைசியில் அரசாங்கத்தார் 2020 ஜூன் 18-ந் தேதி ஹெலிகாப்டரைக் கொண்டு பஸ்ஸையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பக்தர்களில் சிலருக்குக் கோபம். எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது. பஸ் பேர்பாங்க்ஸிலுள்ள அலாஸ்கா சர்வகலாசாலையின் பொருட்காட்சி சாலையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஊருக்கு நல்ல சாலையும் ரயிலும் இருக்கின்றன.