மஞ்சள் வீடு இல்லாத ஊரில் ஒரு காலை நடை

1888 அக்டோபர் 23. இன்னும் விடியவில்லை. தெற்கு பிரான்ஸின் ஆர்ல் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார் ஓவியர் பால் காகின். இந்த நேரத்தில் நண்பரை எழுப்புவானேன் என்று, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு காபிக் கடைக்குள் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்ததுமே, எதிர்பார்த்திருந்த நண்பர் இவர்தான் என்று கண்டுகொண்டார். காகின் தன்னைத் தானே வரைந்து அனுப்பிய படத்தை வின்சென்ட் வான்கோ முன்கூட்டியே அவரிடம் காட்டி வைத்திருந்தார். நண்பர் வரப் போகிறார் என்ற சந்தோஷம் அந்த அளவுக்கு!

ஆர்ல் நகரில் காலை நடை போகிறவர்கள் அந்த ரயில் நிலையத்திலிருந்தே தொடங்கலாம். மார்சே நகரிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். கூட மூன்று நான்கு நண்பர்கள், காலைக் கடிக்காத செருப்பு, முடிந்தால் ஒரு சனிக்கிழமை. ஊர் சின்னது என்பதால் டாக்ஸி தேவைப்படாது.

சில நிமிடங்கள் நடந்தால் லமார்ட்டின் சதுக்கம். வான்கோ மாதம் 15 ஃபிராங்குக்கு வாடகைக்கு எடுத்த மஞ்சள் வீடு இங்கேதான் இருந்தது. இருந்தது, இப்போது இல்லை. 1944 ஜூன் 25-ம் தேதி விழுந்த குண்டில் போய்விட்டது. அவர் வரைந்த 'மஞ்சள் வீடு' படத்தில் பின்னால் தெரியும் உயரமான கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. போனில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, நண்பர்கள் கூட்டத்துக்கு நல்ல விளையாட்டு.

இந்த வீட்டில் ஓவியர்களெல்லாம் சேர்ந்து வாழ வேண்டும் என்பது வான்கோவின் கனவு. ஒற்றை ஆள் குடியிருந்த வீட்டுக்கு 12 நாற்காலிகள் வாங்கிப் போட்டார். காகினின் அறையில் மாட்டுவதற்காகத்தான் புகழ்பெற்ற சூரியகாந்திப் படங்களை வரைந்தார். வந்தவர் அந்த ஒருவர்தான். அவரும் ஒன்பது வாரம்தான் தங்கினார். டிசம்பர் 23 ராத்திரி நடந்த சண்டையும், அதன்பின் வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டதும் ஊரறிந்த கதை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. இவரை வெளியே விடக் கூடாது, அடைத்து வையுங்கள் என்று அக்கம்பக்கத்தார் சுமார் 30 பேர் மேயருக்கு மனுக் கொடுத்தார்கள். போலீஸ் வந்து வீட்டைப் பூட்டியது. 1889 மே மாதம் அவர் ஊரை விட்டே போனார். சுமார் பதினைந்து மாதங்களில் இங்கே அவர் வரைந்த வண்ணப் படங்கள் ஏறக்குறைய 200. அவற்றில் ஒன்றுகூட இன்று இந்த ஊருக்குச் சொந்தமில்லை. அவர் பெயரில் இயங்கும் கலைக்கூடம்கூட வெளியூர் அருங்காட்சியகங்களில் இரவல் வாங்கித்தான் காட்டுகிறது. ஆனால் காபிக் கோப்பை முதல் குடை வரை அவர் படம் போட்டு விற்காத கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டம்!

பழைய கோட்டை வாசலைத் தாண்டி மேடேறினால் ரோமானியர் கட்டிய வட்டரங்கம். வயது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேல். சுமார் 20,000 பேர் உட்காரலாம். ரோமானியர் ஆட்சி போனபின், பாதுகாப்புக்காக ஊர் ஜனங்கள் இதற்குள்ளேயே குடியேறி 200-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அவற்றை அப்புறப்படுத்தியது 19-ம் நூற்றாண்டில்தான். இன்றும் இங்கே காளை விளையாட்டு உண்டு. காளையைக் கொல்லும் ஸ்பெயின் முறையும் நடக்கிறது. அதைவிட உள்ளூர்க்காரர்களுக்குப் பெருமை, வெள்ளை உடை அணிந்த வீரர்கள் காளையின் கொம்பில் கட்டிய ரிப்பனைப் பறிக்கும் கமார்க் விளையாட்டு. இதில் காளை உயிரோடு வீடு திரும்பும். நம் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

ஃபோரம் சதுக்கத்தில் பளீர் மஞ்சள் சுவரோடு ஒரு காபிக் கடை இருக்கும். வான்கோவின் இரவுப் படத்தில் உள்ளது இதுதான். படத்தில் சுவரை மஞ்சளாக்கியது விளக்கு வெளிச்சம். பிற்பாடு படத்தைப் பார்த்து நிஜச் சுவருக்கே மஞ்சள் அடித்துவிட்டார்கள். புகைப்படத்தோடு நகர்ந்துவிடலாம்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் பழைய மருத்துவமனை. இப்போது உள்ளே நூலகம் இயங்குகிறது. நடுமுற்றத் தோட்டத்தை வான்கோவின் படத்தில் உள்ளபடியே மறுபடி அமைத்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு தானாக ஜோசப் ரூலின் பக்கம் திரும்பும். ரயில் நிலையத்தில் தபால் மூட்டைகளைக் கவனித்த, தாடிக்கார ஊழியர் அவர். ஊரே ஒதுங்கியபோது இங்கே வந்து வான்கோவைப் பார்த்து, நிலைமையை அவருடைய தம்பி தியோவுக்குக் கடிதமாக எழுதினார். வான்கோ அவர் குடும்பத்தில் கைக்குழந்தை வரை எல்லோரையும் வரைந்து தீர்த்தார். சிகிச்சை தந்த இளம் டாக்டர் ஃபெலிக்ஸ் ரேயையும் வரைந்து பரிசளித்தார். டாக்டருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அம்மா அந்தப் படத்தை வைத்துக் கோழிக்கூண்டின் ஓட்டையை அடைத்தாராம். இன்று அது மாஸ்கோ அருங்காட்சியகத்தில்!

சிறுமியாக இருந்தபோது வான்கோவைப் பார்த்ததாகச் சொன்ன இன்னொருவர், 122 வயது வாழ்ந்து 1997-ல் மறைந்த இதே ஊர் ழான் கால்மென்ட். அவருடைய 90-வது வயதில் ஒரு வழக்கறிஞர், 'ஆயுள் வரை மாதம் 2,500 ஃபிராங்க் தருகிறேன், பிறகு வீடு எனக்கு' என்று ஒப்பந்தம் போட்டார். முப்பது வருஷம் பணம் கட்டி, பாட்டிக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்தார். பாக்கியை அவர் குடும்பம் கட்டியது.

சனிக்கிழமை என்றால் லிஸ் சாலையில் நீண்ட சந்தை. ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், தேன், கூடவே பக்கத்துக் கமார்க் வயல்களில் விளைந்த சிவப்பு அரிசி. ஆமாம், பிரான்ஸின் நெல் இங்கேதான் விளைகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, வியட்நாமிலிருந்து கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களை இந்த வயல்களில் இறக்கித்தான் நெல் சாகுபடிக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

மதியம் ஆனதும் கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். அரிசி வாங்க நினைப்பவர்கள் மருத்துவமனைத் தோட்டத்து பெஞ்சிலிருந்து கொஞ்சம் சீக்கிரமே எழுந்திருக்க வேண்டும்.