விந்தணு ஊற்று வற்றாதது ஏன்?

ஆணின் விரையில் நாள்தோறும் கோடிக்கணக்கான விந்தணுக்கள் உருவாகின்றன. முதுமையிலும் இது அடியோடு நின்றுவிடுவதில்லை. எப்படி? விந்தணுக் குழல்களின் சுவரோரம் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் ஊற்று. ஆனால், எத்தனை ஸ்டெம் செல்களாகவே நீடிப்பது, எத்தனை விந்தணுவாவது என்பதை அவை தனியே முடிவு செய்வதில்லை. 1865-இல் இத்தாலியர் என்ரிகோ செர்டோலி விவரித்த பக்கத்துச் செல்களுக்கும் அதில் பங்குண்டு. அவை ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன.

2000-இல் வெளியான சுண்டெலி ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் புரதம் குறைந்த சுண்டெலிகளில் ஸ்டெம் செல்கள் நாளடைவில் தீர்ந்துபோயின. மிகுந்தவற்றிலோ, விந்தணுவாக மாறாமல் குவிந்து கிடந்தன. அளவுதான் எல்லாம்! விந்தணுவாகும் திசையில் தள்ளுவது வேறொன்று: வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ரெட்டினாயிக் அமிலம்.

அப்படியானால் சூழல் சொல்வதே சட்டமா? இல்லை. 1994-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிரின்ஸ்டர், ஒரு சுண்டெலியின் ஸ்டெம் செல்களை இன்னொன்றின் விரைக்குள் செலுத்தினார். அவை தாமே சுவரோரம் இடம்பிடித்து விந்தணுக்களைத் தந்தன. பிறகு எலியின் செல்களையும் சுண்டெலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். உருவானவை எலி விந்தணுக்கள். விந்தணு உருவாக்கத்தில் சுண்டெலியின் ஒரு சுழற்சி சுமார் 9 நாள், எலியினுடையது சுமார் 13. சுண்டெலியின் செர்டோலி செல்கள் சூழ்ந்திருந்தும், எலிச் செல்கள் தங்கள் 13 நாள் கணக்கிலேயே வளர்ந்தன.