மாத்திரையும் மூப்பும்

“கொலஸ்டராலைக் குறைக்கும் மாத்திரை புற்றுநோயை உண்டாக்குமாமே!” என்று அஞ்சி, வைத்தியர் கொடுத்த மருந்தை அலமாரியில் பூட்டி வைக்கும் பெரியவர்கள் உண்டு. “அது மூப்பையே தடுக்குமாம்!” என்று ஆசைப்படுவோரும் உண்டு. அந்த அச்சத்தையும் ஆசையையும் ஒரே தராசில் இட்டுப் பார்ப்போம்.

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சண வகைகளைச் சோதித்து, ஈரலில் கொலஸ்டரால் உற்பத்தியாவதைத் தடுக்கும் பொருளொன்றை 1973-ல் கண்டெடுத்தார். ஸ்டாடின் மருந்துகளுக்கெல்லாம் அதுவே மூத்தது. ஆனால் 1980-ல், மிக அதிக அளவில் அம்மருந்து கொடுக்கப்பட்ட நாய்களுக்குப் புற்று கண்டதாகச் செய்தி பரவியது. ஜப்பானில் சோதனை நின்றது. அதே இனத்து மருந்தைச் சோதித்து வந்த அமெரிக்கரும் அஞ்சி நிறுத்தினர். அவர்கள் மறுபடி பரீட்சித்த பின்னரே, 1987-ல் அங்கே அநுமதி கிடைத்தது. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இருதய நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது: ஸ்டாடின் உண்டவர்களிடையே மரணம் 30 சதவிகிதம் குறைந்திருந்தது. அன்று அச்சமே வென்றிருந்தால் அந்த உயிர்கள் என்னவாகியிருக்கும்!

அச்சம் மீண்டும் ஒருமுறை தலைதூக்கியது. எழுபது வயது கடந்தோரிடம் நடந்த ஒரு சோதனையில், மருந்து உண்டவர்களுக்குப் புற்று சற்று அதிகமாகக் கண்டதாக 2002-ல் அறிவிக்கப்பட்டது. எனினும் 27 சோதனைகளைச் சேர்ந்த சுமார் 1,75,000 பேரின் விவரங்களை ஒருங்கே ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட கணக்கில், சுமார் ஐந்து வருஷ காலத்தில் ஸ்டாடின் புற்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை என்று தெளிவாயிற்று.

இனி ஆசையைக் கவனிப்போம். நம் ஜீவ அணுக்களிலுள்ள குரோமோஸோம்களின் நுனியில் ‘டெலோமியர்’ என்ற காப்பு இருக்கிறது. அணு பிளவுபடுந்தோறும் அது தேய்கிறது. மிகவும் தேய்ந்தால் அணு மூப்படைகிறது. ‘டெலோமரேஸ்’ என்னும் பொருள் அத்தேய்வை ஈடு செய்யும். ஸ்டாடின் உண்போரிடம் அதன் வேலை மிகுந்திருப்பதாகச் சில ஆராய்ச்சிகள் கூறின. ஆனால் பெரும்பாலான புற்றணுக்கள் ஓயாமல் பெருகுவதும் அதே டெலோமரேஸின் துணையால்தான்! ஆகவே அது மிகுவதை மாத்திரம் கண்டு இளமை திரும்பியதாக எண்ணலாகாது.

இம்மருந்து மாரடைப்பைத் தடுக்கக் கொடுக்கப்படுவது; காயகல்பம் அன்று. தசைவலி முதலிய தொல்லை கண்டால் வைத்தியரிடம் சொல்லுவோம். வதந்தியைக் கேட்டு மருந்தை நிறுத்தவும் வேண்டாம். இளமையை நாடி உண்ணவும் வேண்டாம்.