உங்களுக்குத் தெரியுமா?

கறுப்பு அட்டையையும் மெல்லிய பிளைவுட்டையும் நறுக்கித் தள்ளும் நீல டயோடு லேசரால், நிறமற்ற அக்ரிலிக் தகட்டை வெட்டவே முடியாது! சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி, சன்னல் கண்ணாடியில் வெயில் நுழைவது போல அதன் வழியே போய்விடும்.

• கார்பன் டை ஆக்சைடு லேசர் நேர்மாறு. அதன் 10,600 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அக்ரிலிக் அதை அப்படியே விழுங்கி ஆவியாகிவிடும். 1964இல் இந்த லேசரை உருவாக்கியவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த சி. குமார் என். படேல்.

• விளம்பரத்தில் ‘40 வாட்’ என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். அது குடிக்கிற மின்சாரமா, வெளிவரும் ஒளியா? கேட்டுவிட்டு வாங்குங்கள்.

• தலைச்சோலை, ஏற்காடு பக்கம் காபிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கின் 3 மி.மீ. பலகைக்கு, 10 வாட் ஒளித்திறனுள்ள டயோடே போதும். கார்பன் டை ஆக்சைடு குழாய்க்கோ தண்ணீர்க் குளிர்ச்சி வேண்டும். ஈரக்காற்றில் அந்தத் தண்ணீர் அளவுமீறிக் குளிர்ந்தால் குழாய் வியர்க்கும். மூடுபனி ஊரில் இது சின்ன விஷயமல்ல.

• பி.வி.சி. ரெக்சினை எந்த லேசரிலும் வைக்காதீர்கள். கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும்.