கண்ணுக்குக் காப்புறுதி உண்டா?

சென்ற மாதம் பேலியகொடைக் கடையில் பில் போடும்போது 7ஐ 1 என்று வாசித்துவிட்டேன். நட்டம் சில ஆயிரம்தான். ஆனால் பார்வை மங்குவது அன்றுதான் புத்தியில் உறைத்தது.

அரச உத்தியோகம் பார்க்கும் மச்சானுக்கு 'அக்ரஹார' காப்புறுதி இருக்கிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் திட்டம் அது, சம்பளத்தில் கழிப்பார்கள். சம்பளமே இல்லாத வியாபாரிக்கு அது கிடையாது.

நமக்குள்ள காப்புறுதி இலவச அரச வைத்தியம்தான். லிப்டன் சுற்றுவட்டத்தருகே தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. டொக்டருக்குக் கட்டணமில்லை, கொடுக்க வேண்டியது நேரம். மனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்கு வந்தபின் இங்கு விடியற்காலை வியாபாரம் மும்முரம். அதை விட மனமில்லாமல் கண்ணைத் தள்ளிப்போடுகிறோம். மகனைக் கடையில் இருத்திவிட்டுப் போனேன். கட்டராக் ஆரம்பம் என்றார்கள். இன்னும் காலம் கடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தனியார் காப்புறுதி வைத்திருப்போர் டொக்டரைச் சனல் பண்ணுமுன் கேளுங்கள்: வெளிநோயாளர் செலவு சேருமா? கண்ணாடிக்குத் தருவார்களா? முன்பே இருந்த நோயை ஏற்பார்களா? பில்லையும் டொக்டரின் துண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். அந்தப் பாதிப்பு வலியில்லாமல் வரும். குளுக்கோமாவில் போன பார்வையோ திரும்பாது.

வருடா வருடம் ஸ்டொக் எடுக்கிறோம். கண்ணையும் அதோடு சேர்த்துப் பார்ப்போம்.